பாப்லர் தந்த தீர்ப்பு

மொத்த இடங்கள் 42. தொழிற்கட்சி வென்றவை 39. மற்றையோர் அனைவரும் சேர்ந்து பெற்றவை 3.

1919ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், இலண்டன் மாநகரின் கீழ்த்திசையிலே, பாப்லர் என்னும் பகுதியின் நகர மன்றத் தேர்தலில் எண்ணி அறிவிக்கப்பட்ட முடிவு இது. மணிமுடிகள் உருண்ட காலம் அது. செர்மனியின் கெய்சர் நாட்டைவிட்டு ஓடி ஓராண்டுதான் ஆகியிருந்தது. வெர்சேல்சு உடன்படிக்கையின் மை உலர்ந்து ஐந்து திங்களும் நிறையவில்லை. அத்தகைய ஆண்டில், கப்பல்துறைக் கூலிகள் வாழும் ஒரு பகுதியின் நகர மன்றத்தில் எவர் வென்றால் என்ன, எவர் தோற்றால் என்ன என்று உலகம் இருந்துவிட்டதில் வியப்பில்லை. எட்டாம் என்றியின் மனைவியர் அறுவரையும் வரிசை பிறழாமல் ஒப்புவிக்கும் மாணவனை வரலாற்றில் வல்லவன் என்று தட்டிக் கொடுக்கிறோம். பாப்லரை அவன் அறியான். அறியாதது அவன் குற்றமன்று.

ஆயினும் அந்த எண்களைப் பற்றித்தான் இங்கே பேச எண்ணுகிறோம். தேர்தலில் வெற்றி கிட்டியதும் மாலை வாங்கவும் மேடை ஏறவும் தெரிந்தவர்களை உலகம் நிறையக் கண்டிருக்கிறது. மக்கள் போட்ட வாக்கைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, அந்தக் கட்டளைக்காகச் சிறைக்கதவு வரை நடந்து சென்ற ஒரு நகர மன்றத்தைக் காண்பது அரிது. பாப்லர் அப்படி ஒரு மன்றம்.

தேம்சு ஆறு வளைந்து நெளிந்து கடலை நோக்கிச் செல்லும் வழியில், பௌ, பிராம்லி, பாப்லர் என்ற மூன்று பழைய ஊர்களையும், நாய்த் தீவு என்று விந்தையான பெயர் கொண்ட நிலமுனையையும் சேர்த்து 1900இல் அமைக்கப்பட்டது பாப்லர் 'பரோ'. இலண்டன் அன்று இத்தகைய 28 பரோக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மன்றம், ஒரு மேயர். பாப்லரில் என்ன இருந்தது? 1802இல் திறக்கப்பட்ட மேற்கிந்தியக் கப்பல்துறை இருந்தது. அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரை அங்கே இறங்கிற்று. 1806இல் திறக்கப்பட்ட கிழக்கிந்தியக் கப்பல்துறை இருந்தது. நம் நாட்டிலிருந்தும் சீனத்திலிருந்தும் கும்பினிக் கப்பல்கள் அள்ளிச் சென்ற சரக்குகள் அங்கே கரையேறின. உலகின் செல்வமெல்லாம் பாப்லர் வழியாகத்தான் இலண்டனுக்குள் நுழைந்தது என்றுகூடச் சொல்லலாம். நுழைந்தது; தங்கவில்லை! மூட்டை சுமந்த தோள்கள் பாப்லரில் தங்கின. மூட்டைக்குள் இருந்த பணம் மேற்கே மாளிகைகளுக்குப் போய்விட்டது.

துறைமுகத் தொழிலாளிக்கு நிலையான வேலை இல்லை. பொழுது விடியும்முன் கப்பல்துறை வாயிலில் கூட்டம் கூடும். கங்காணி வந்து விரல் நீட்டி, நீ வா, நீ வா என்பான். விரல் படாதவன் வீடு திரும்புவான். அன்று அடுப்பு எரிவதும் எரியாததும் அந்த விரலின் கருணை. நோயுற்றாலோ, முதுமை வந்தாலோ, பல நாள் வேலை கிட்டாவிட்டாலோ, எஞ்சியது ஏழை விடுதி. கணவன் ஒரு புறம், மனைவி மறு புறம், மக்கள் வேறு புறம் எனக் குடும்பத்தைக் கூறுபோட்டு அடைத்துச் சோறு போடும் இடம் அது. வறுமையைக் குற்றமாகவும் ஏழையைக் குற்றவாளியாகவும் கருதிய காலத்தின் கண்டுபிடிப்பு.

வில் குரூக்சு என்பவர் 1852இல் பாப்லரில் பிறந்தவர். எட்டு வயதில் அந்த ஏழை விடுதிக்குள் தள்ளப்பட்டவர். வளர்ந்து, உழைத்து, ஏழையர் உதவியை நிர்வகிக்கும் காப்பாளர் கழகத்துக்கு ஜார்ஜ் லான்சுபரியோடு சேர்ந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர் அக்கழகத்துக்குத் தலைவரும் ஆனார். எந்த விடுதியில் பிள்ளையாய் அழுதாரோ, அந்த விடுதியின் உணவையும் உடையையும் திருத்தும் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 1901இல் அவர் பாப்லரின் மேயரானபோது மன்றத்தில் அவருடைய தோழர்கள் சிறுபான்மையினர். எனவே 1919இன் முடிவு ஒரே இரவில் முளைத்த காளான் அன்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தெருத்தெருவாய், கூட்டம் கூட்டமாய் உழுது வைத்த நிலத்தில் விளைந்தது.

விளைச்சலுக்கு மழை பெய்தது 1918இல். அதற்குமுன், பிழைக்க வழியின்றி ஏழையர் உதவி பெற்றவனுக்கு வாக்குரிமை கிடையாது. பசிக்குச் சோறு வாங்கினாய், ஆகவே நீ குடிமகன் அல்லை என்றது சட்டம்! 1918ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அந்தத் தடையை நீக்கிற்று. தன் சொந்தத் தட்டுமுட்டுகளோடு ஓர் அறையில் ஒண்டுக்குடியிருந்தவனும் மன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்றாயிற்று. முப்பது வயது நிறைந்த மனைவியரும் வாக்காளர் பட்டியலில் இடம் பெற்றனர். பெண்கள் பரோ மன்றத்தில் உறுப்பினராகலாம் என்று 1907இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆயினும் அவர்களை அனுப்பி வைக்கும் வாக்காளர் கூட்டம் இப்போதுதான் உருவாயிற்று. போரின் காரணமாக 1912க்குப் பிறகு மன்றத் தேர்தலே நடக்கவில்லை. ஏழு ஆண்டுகள் தேக்கி வைத்த வெள்ளம் 1919இல் உடைத்துக்கொண்டது.

பாப்லரில் மட்டுமா? இலண்டன் முழுவதும் விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களை வைத்திருந்த தொழிற்கட்சி, அந்த ஒரே தேர்தலில் ஐந்நூறுக்கு மேற்பட்ட மன்ற இடங்களைக் கைப்பற்றியது. அடுத்த பகுதியாகிய சுடெப்னியிலும் அதுவே பெரும்பான்மை. அங்கே மேயராக அமர்ந்தவர் கிளெமென்ட் அட்லி. பின்னாளில், 1947இல், நம் நாட்டின் ஆட்சியை ஒப்படைத்துச் சென்ற பிரிட்டிசுப் பிரதமர் அவரேதான். ஆனால் 42இல் 39 என்ற பெருக்கு, பாப்லரின் தனிப் பெருமை.

மன்றத்துக்குள் வந்தோர் யார்? கப்பல்துறைத் தொழிலாளர் வந்தனர். இரயில்வேத் தொழிலாளர் வந்தனர். தபால்காரர் ஒருவர் வந்தார். வண்டித் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த சாம் மார்ச்சு வந்தார். பள்ளி ஆசிரியர் சார்லசு கீ வந்தார். வரி கட்டியும் அதிகாரியிடம் கைகட்டியும் பழகியவர்கள், வரி விதிக்கும் இடத்தில் அமர்ந்தனர். மேயராக லான்சுபரியைத் தேர்ந்தெடுத்தனர்.

லான்சுபரியைப் பற்றி இரண்டு சொல் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. 1910இல் பௌ-பிராம்லி தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர் அவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பதற்காக 1912இல் தம் பதவியைத் தாமே துறந்து, அதே தொகுதியில் மீண்டும் நின்றார். தோற்றார். கையிலிருந்த பதவியைக் கொள்கைக்காகப் பணயம் வைத்துத் தோற்ற மனிதருக்கு, ஏழாண்டு கழித்து அதே மக்கள் மேயர் சங்கிலி அணிவித்தனர். அவர் ஆழ்ந்த கிறித்துவ நம்பிக்கையுடையவர். பகுத்தறிவுப் பாதையில் நடக்கும் நமக்கு அந்த நம்பிக்கையில் உடன்பாடு இல்லை. ஆனால் ஏழையின் பசிக்கு மறுவுலகத்தில் விடை கிடைக்கும் என்று கூறி நழுவியவர் அல்லர் அவர். இங்கே, இப்போதே, மன்றத்தின் கணக்கேட்டில் விடை எழுத வேண்டும் என்றார். அந்த விடையை எழுதியவர் எந்த ஆலயத்துக்குப் போனார் என்று கேட்பது வீண் வேலை.

புதிய மன்றம் குழந்தை நலத்திலும் தாய்மார் நலத்திலும் கருத்தூன்றியது. காசநோய்க்கு மருத்துவம், வீடு, குளியலகம், நூலகம் என்று தொட்டதெல்லாம் அதுவரை பாப்லர் காணாதவை. அவற்றை விரித்தால் ஏடு போதாது. ஒன்றை மட்டும் நிறுத்திச் சொல்ல வேண்டும், பின்னால் அதுதான் பிரபுக்களின் உறக்கத்தைக் கெடுத்தது. மன்றத்தின் கீழ் வேலை செய்யும் எவருக்கும் வாரக் கூலி 4 பவுனுக்குக் குறையக் கூடாது என்று 1920இல் முடிவு செய்தனர். ஆணுக்கு 4 பவுன். பெண்ணுக்கும் அதே 4 பவுன். குப்பை அள்ளும் ஆணின் வயிறும் தரை கழுவும் பெண்ணின் வயிறும் ஒன்றே என்ற எளிய உண்மைக்கு மன்றத் தீர்மானம் என்ற வடிவம் கொடுத்தனர். ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியம் என்பதைப் பிரிட்டன் நாடு சட்டமாக்க 1970 வரை ஆயிற்று.

1920ஆம் ஆண்டின் இறுதியில் வாணிகம் சரிந்தது. கப்பல்கள் குறைந்தன, ஆலைகள் மூடின. போர்முனையிலிருந்து பதக்கத்தோடு வந்தவன் பதக்கத்தை அடகு வைக்கும் நிலைக்கு வந்தான். பாப்லரில் ஏழையர் உதவி கேட்டு நின்றோர் வரிசை நாளுக்கு நாள் நீண்டது. உதவிக்குப் பணம் எங்கிருந்து வரும்? அங்கேதான் கொடுமையின் வேர் கிடந்தது.

உள்ளூர் வருவாய் என்பது நம் ஊர் வீட்டுவரி போன்றது. வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பைக் கணக்கிட்டு, பவுனுக்கு இத்தனை ஷில்லிங் என விதிப்பார்கள். வீட்டுக்காரன் அதை வாடகையில் ஏற்றிக் குடியிருப்பவன் தலையில் கட்டுவான். ஒவ்வொரு பகுதியும் தன் ஏழைகளைத் தன் வரியிலிருந்தே காக்க வேண்டும். விடுதிக்குள் அடைபட்டோர் செலவில் ஒரு பங்கை இலண்டன் முழுமைக்கும் பொதுவான ஒரு நிதி ஏற்கும், வீட்டிலிருந்தபடியே உதவி பெறுவோர் செலவோ முற்றும் அந்தந்தப் பகுதியின் பொறுப்பு. இதுதான் விதி.

வகுப்பில் கரும்பலகையில் போடுவதுபோல ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாமே இட்டவை. மேற்கே ஒரு பகுதி: வீடுகளின் வாடகை மதிப்பு மொத்தம் 10 இலட்சம், உதவி வேண்டுவோர் 100 பேர். கிழக்கே ஒரு பகுதி: வாடகை மதிப்பு 1 இலட்சம், உதவி வேண்டுவோர் 1,000 பேர். ஆளுக்கு ஆண்டுக்குப் பத்து தேவை என்றால், மேற்கே 1,000 வேண்டும். அது மதிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிழக்கே 10,000 வேண்டும். அது பத்தில் ஒரு பங்கு. மாளிகைக்காரன் ஒன்று கொடுக்குமிடத்தில் குடிசைக்காரன் நூறு கொடுக்கிறான். ஒரே மாநகரம், ஒரே மன்னர், ஒரே சட்டம். ஏழையை ஏழையே காக்க வேண்டும். பணக்காரன் பணக்காரனோடு மட்டும் அண்டை வீட்டுக்காரனாக இருந்தால் போதும், அறம் அவன் வாசலைத் தட்டாது.

இதற்கு மேலும் ஒரு சுமை. இலண்டன் கவுண்டி மன்றம், பெருநகரக் காவல்துறை, தொற்றுநோய் மருத்துவமனைகளை நடத்திய பெருநகர வாரியம், குடிநீர் வாரியம் ஆகிய நான்கு அமைப்புகளுக்கும் உரிய தொகையைப் பரோ மன்றமே தன் வரியோடு சேர்த்துத் தண்டி அனுப்ப வேண்டும்.

பாப்லர் மன்றத்தின்முன் இரண்டு வழிகள் தெரிந்தன. வரியை ஏற்றலாம், ஏற்றினால் வேலையற்றவன் வாடகை ஏறும். உதவியைக் குறைக்கலாம், குறைத்தால் அவன் பிள்ளை பட்டினி கிடக்கும். எந்த மன்றமும் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்து, 'என்ன செய்வது, நிலைமை அப்படி!' என்று பெருமூச்சு விட்டிருக்கும். பெருமூச்சு விடுவதற்காக மக்கள் 39 பேரை அனுப்பவில்லை. 1921ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மன்றம் மூன்றாவது வழியை வகுத்தது. தன் செலவுக்கும் ஏழையர் உதவிக்கும் உரிய வரியை மட்டும் விதித்தது. நான்கு அமைப்புகளுக்கான தொகையை வரியில் சேர்க்கவே இல்லை. தரமாட்டோம் என்றனர்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அநீதி முழுவதும் அந்த நான்கு அமைப்புகளின் தொகையில் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஏழையர் உதவியின் பங்கீட்டில் இருந்தது. ஆனால் ஏழையர் உதவியை நிறுத்தினால் அழுவது ஏழை. கவுண்டி மன்றத்துக்கு அனுப்பும் பணத்தை நிறுத்தினால் அலறுவது அரசு. எங்கே அடித்தால் எங்கே வலிக்கும் என்று தெரிந்தே அடித்தனர்.

சொந்தக் கட்சியிலேயே எல்லோரும் கைதட்டவில்லை. பக்கத்து ஆக்னியின் மேயரும், இலண்டன் தொழிற்கட்சியின் செயலாளருமான எர்பர்ட் மாரிசன் இதனை ஏற்கவில்லை. சட்டத்தின் வழியே திறம்பட ஆளவல்லவர் தொழிலாளர் என்று நாட்டுக்குக் காட்ட வேண்டும், அப்போதுதான் மக்கள் நம்மிடம் ஆட்சியைத் தருவார்கள் என்பது அவர் நிலை. அதை எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. இன்று நாம் ஒரு சட்டத்தை மீறினால், நாளை நம் சட்டத்தை மாற்றான் மீறமாட்டானா என்று கேட்கும் எவரும் கோழையல்லர். மாரிசன் பின்னர் 1934இல் கவுண்டி மன்றத்தையே வென்று திறம்பட நடத்தியும் காட்டினார். ஆயினும் நாம் பாப்லரின் பக்கமே நிற்கிறோம். ஏனெனில், மேலவர்களிடம் முறையிடுதல் புதிதாகச் செய்யவேண்டியிருந்த ஒன்றன்று. பாப்லர் பல்லாண்டு முறையிட்டது. ஏழையர் உதவியின் சுமையை மாநகர் முழுவதும் சமமாகப் பங்கிடுங்கள் என்ற கோரிக்கைக்கு நரை விழுந்துவிட்டது. மீறியவர்கள் தம் பெயரை மறைத்துக்கொள்ளவும் இல்லை, தண்டனையைத் தட்டிக்கழிக்கவும் இல்லை. சட்டத்தை மீறி அதன் பயனைச் சுவைப்பவன் வேறு. மீறி அதன் தண்டனையைக் கேட்டு வாங்குபவன் வேறு.

கவுண்டி மன்றமும் மருத்துவ வாரியமும் வழக்குத் தொடுத்தன. 1921 சூலை 29ஆம் நாள் உறுப்பினர்கள் உயர்நீதிமன்றத்துக்கு வரவேண்டும் என்று அழைப்பு. வந்தார்கள்! வண்டியேறியா? நடந்து. பாப்லரிலிருந்து நீதிமன்றம் வரை ஏறத்தாழ ஐந்து மைல். முன்னே இசைக்குழு, செங்கோல் தாங்குவோன், கழுத்தில் மேயர் சங்கிலியோடு சாம் மார்ச்சு, பின்னே உறுப்பினர்கள், அவர்க்குப் பின்னே பாப்லர் மக்கள் ஆயிரக்கணக்கில். பாப்லர் நகர மன்றம் உயர்நீதிமன்றத்துக்கும், ஒருவேளை சிறைக்கும், செல்கிறது என்று ஒரு பதாகையில் எழுதிப் பிடித்திருந்தனர். நீதிபதிகள் பணத்தைக் கட்டு என்று கட்டளையிட்டனர். கட்டவில்லை. செப்டம்பர் முதல் நாளிலிருந்து கைது தொடங்கிற்று. ஆண்கள் 25 பேர் பிரிக்சுடன் சிறைக்கும், பெண்கள் ஐவர் ஆலோவே சிறைக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். எத்தனை நாள் என்று தண்டனையில் வரையறை இல்லை, பணியும் வரையில்!

அந்தப் பெண்கள் ஐவரையும் பெயர் சொல்லியே அறிய வேண்டும். சூசன் லாரன்சு: வசதியான குடும்பத்தில் பிறந்து, பழைமைவாதிகளின் பக்கத்திலிருந்து கவுண்டி மன்றத்துக்குப் போனவர், பள்ளிகளைத் துப்புரவு செய்யும் பெண்களுக்குத் தரப்பட்ட கூலியைக் கண்டு மனம் மாறி, இருந்த கட்சியையும் இடத்தையும் விட்டுத் தொழிலாளர் பக்கம் வந்தவர். கூலிக் கணக்கு ஒருவரின் அரசியலையே மாற்றிற்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? 1923இல் தொழிற்கட்சியின் சார்பில் முதன்முதல் பாராளுமன்றம் புகுந்த பெண்கள் மூவரில் அவர் ஒருவர். சூலியா சுகர்: வேலையற்றோரின் மனைவியரைத் திரட்டி 1905இலேயே பிரதமரிடம் அழைத்துச் சென்றவர், அவர் கணவர் ஜான் சுகர் பிரிக்சுடனில். ஜென்னி மக்கே. நெல்லி கிரெசல்: சிறை புகும்போது நிறைசூலி. இறுதியாக மின்னி லான்சுபரி: போலந்திலிருந்து குடிவந்த யூதக் குடும்பத்தின் மகள், பள்ளி ஆசிரியையாக இருந்தவர், லான்சுபரியின் மருமகள், கணவர் எட்கரும் மாமனாரும் பிரிக்சுடனில்.

நிறைசூலியைச் சிறையில் வைத்தது அரசுக்கே சங்கடமாகிவிட்டது. குழந்தை சிறையில் பிறந்தால் நாடு என்ன சொல்லும்? செப்டம்பர்த் திங்கள் முடியுமுன் நெல்லி கிரெசலை விடுவித்துவிட்டனர். 1943இல் அதே நெல்லி கிரெசல் பாப்லரின் மேயரானார்.

மன்றத்தின் பெரும்பகுதி சிறையில் இருந்தால் மன்றம் நடப்பது எங்ஙனம்? சிறையிலேயே நடந்தது! ஆலோவேயிலிருந்து பெண் உறுப்பினர்களை வாடகை மோட்டாரில் ஏற்றிப் பிரிக்சுடனுக்கு அழைத்துவரச் செய்து, சிறைச்சுவர்களுக்குள்ளேயே கூட்டம் கூடி, தீர்மானம் நிறைவேற்றினர். வெளியே விடப்பட்டிருந்த உறுப்பினர்களைக் கொண்டு துணைமேயர் கீ நகரப் பணிகளைப் பார்த்துக்கொண்டார். மாலைதோறும் சிறைக்கு வெளியே மக்கள் கூடுவர். லான்சுபரி கம்பிகளுக்கு இடையிலிருந்து பேசுவார். சிறைக்கூடம் மேடையாயிற்று. அதைவிட அரசை அச்சுறுத்திய செய்தி வேறு: சுடெப்னி மன்றமும் பெத்னல் கிரீன் மன்றமும் தாங்களும் பாப்லர் வழியில் செல்வதாகத் தீர்மானித்தன. ஒரு மன்றத்தைச் சிறையில் வைக்கலாம். கிழக்கு இலண்டன் முழுவதையும் வைக்க எந்தச் சிறையில் இடம்?

பேச்சு நடத்த வாருங்கள் என்றார் அமைச்சர். கைதிகளாக வரமாட்டோம் என்றனர் பாப்லர் உறுப்பினர்கள். அக்டோபர் 12ஆம் நாள் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆறு வாரம்! பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தவர் ஒருவரும் இல்லை. அதே ஆண்டு முடிவதற்குள் பாராளுமன்றம் உள்ளாட்சி நிதிச் சட்டம் ஒன்றை அவசர அவசரமாக நிறைவேற்றிற்று. வீட்டிலிருந்தபடியே உதவி பெறும் ஏழைகளின் செலவையும் மாநகர்ப் பொது நிதி ஏற்கும் என்றாயிற்று. மேற்கின் மாளிகையும் கிழக்கின் பசியைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டிவந்தது. பல்லாண்டு மனுக்கள் சாதிக்காததை முப்பது பேரின் ஆறு வாரச் சிறைவாசம் சாதித்தது.

விலை கொடுக்காமல் அல்ல. மின்னி லான்சுபரி சிறையிலிருந்து நலங்குன்றி வந்தார். நுரையீரல் அழற்சி கண்டு 1922 சனவரி முதல் நாள் இறந்தார். வயது 32. பாப்லர் தெருக்களில் அவர் இறுதி ஊர்வலத்துக்குத் திரண்ட மக்கள் பல்லாயிரவர். கரும்பலகையின்முன் நின்றவர் என்ற உறவினாலோ என்னவோ, முப்பது பெயர்களில் அவர் பெயரிடத்தில் மட்டும் நம் பேனா சற்று நின்றுவிடுகிறது.

சிறையால் வெல்ல முடியாததைக் கணக்குத் தணிக்கையால் வெல்ல முனைந்தனர் அடுத்து. விலைவாசி இறங்கிய பிறகும் 4 பவுன் கூலியை மன்றம் குறைக்கவில்லை. அளவுக்கு மிஞ்சிக் கொடுத்தீர்கள் என்று 5,000 பவுனை உறுப்பினர்கள் தம் கைப்பணத்திலிருந்து கட்டுமாறு அரசுத் தணிக்கையாளர் விதித்தார். வழக்கு ஏறிற்று, இறங்கிற்று, மேல்முறையீட்டு நீதிமன்றம் மன்றத்தின் பக்கம் தீர்ப்பளித்தது, பின்னர்ப் பிரபுக்கள் சபைக்குப் போயிற்று. 1855ஆம் ஆண்டின் சட்டம் என்ன சொல்கிறது? தக்கதென்று மன்றம் கருதும் கூலியைக் கொடுக்கலாம் என்கிறது. மன்றம் 4 பவுனைத் தக்கதென்று கருதிற்று, கொடுத்தது. இதில் வழக்குக்கு இடமேது? 1925இல் பிரபுக்கள் இடம் கண்டுபிடித்தனர்! தக்கது என்றால் மன்றத்துக்குத் தக்கதாகத் தோன்றுவது போதாதாம். நியாயமானதாகவும் இருக்க வேண்டுமாம். எது நியாயம் என்பதை நீதிமன்றம் சொல்லுமாம். அட்கின்சன் பிரபு இன்னும் ஒருபடி மேலே போனார். பொதுவுடைமைச் சார்பான வினோதத் தருமத்துக்கும், ஆணுக்குப் பெண்ணைச் சமமாக்கும் ஆசைக்கும் மன்றத்தினர் தம்மை ஆட்படுத்திக்கொண்டனர் என்ற கருத்துப்படக் கடிந்துரைத்தார்.

நன்கு கவனியுங்கள். பொருளைக் களவாடினர் என்பது குற்றச்சாட்டு அன்று. உறவினர்க்கு வாரி வழங்கினர் என்பதும் அன்று. பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே கூலி கொடுத்தனர் என்பது குற்றம்! தேர்தலில் வாக்களித்த பாப்லர் மக்கள் இந்தக் கூலியைத் தவறென்று சொன்னார்களா? அந்த இருக்கைக்குத் தேர்தலால் வராத ஐந்து பிரபுக்கள் சொன்னார்கள். நகர மன்றத்தின் கை எவ்வளவு நீளும், எங்கே அதன்மேல் பூட்டு விழும் என்பதைச் சட்டக் கல்லூரிகள் இந்தத் தீர்ப்பைக் கொண்டுதான் கற்பித்து வந்திருக்கின்றன. மாணவர்கள் படிப்பது பிரபுக்களின் சொற்களை. தரை கழுவிய பெண் அந்த 4 பவுனைக் கொண்டு என்ன வாங்கினாள் என்பது எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படவில்லை.

வாக்காளர்கள் என்ன நினைத்தனர்? 1922 நவம்பரில் மீண்டும் மன்றத் தேர்தல் வந்தது. இலண்டனின் பல பகுதிகளில் 1919இல் பெற்றதைத் தொழிற்கட்சி இழந்தது. சட்டத்தை மீறிய பாப்லரில் இழக்கவில்லை. பெரும்பான்மையோடு திரும்பி வந்தது. அதே ஆண்டு பொதுத்தேர்தலில், பத்தாண்டுக்குமுன் பெண்களுக்காகத் தோற்ற அதே தொகுதியில் லான்சுபரி வென்றார். 1940இல் இறக்கும் வரை அத்தொகுதியின் உறுப்பினராகவே இருந்தார். 1932 முதல் 1935 வரை கட்சியின் தலைவராகவும் இருந்தார். ஆசிரியர் கீ அவருக்குப்பின் அதே தொகுதிக்கு உறுப்பினராகி, அட்லியின் ஆட்சியில் அமைச்சரானார்.

1965இல் சுடெப்னி, பெத்னல் கிரீன் ஆகியவற்றோடு பாப்லரையும் இணைத்துத் தவர் ஆம்லெட்சு என்ற புதிய பரோவை அமைத்தனர். கப்பல்துறைகளும் மூடிவிட்டன. சர்க்கரை இறங்கிய மேற்கிந்தியத் துறையின் இடத்தில் இன்று வங்கிகளின் வானளாவிய கோபுரங்கள் நிற்கின்றன. பௌ சாலையில் ஒரு கட்டடத்தின் முகப்பில், 1930களில் மின்னி லான்சுபரியின் நினைவாக வைத்த கடிகாரம் ஒன்று இருக்கிறது. பழுதுபட்டிருந்த அதனை 2008இல் செப்பனிட்டனர்.